முக்கால் திருகு

பிரியாணிக்கு இலை உருவியபின்
எறிய மனமில்லாத ஆறு காம்பு.
துவைக்கும் தொட்டிக்குப் பின்னால் செருகிவைத்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

கோட்டையூரில் ஒரு சாண் தோண்டினால் செம்புறாங்கல்.
மல்லிகூட மனசு வைத்தால்தான் முளைக்கும்.
இது மட்டும்
யாரோ பந்தி விசாரித்து ஊட்டுவதுபோல்
துவைகல்லைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தாண்டி,
நிறுத்திவைத்த சைக்கிளின் இடது பெடலைப்
பிடித்துக்கொண்டு நிற்கிறது.

துவையலில் தொடங்கினோம்.
உளுந்தும் வரமிளகாயும் சிவக்க வறுத்து
சுண்டைக்காய் அளவு புளி வைத்து அரைத்தால்
ஒரு கூடை இலை
ஒரு கைப்பிடியாய் ஒடுங்கியது.
இப்படி ஒடுங்குமென்றால் தீர்த்துவிடலாம்.
நம்பினேன்.
அடுத்த வாரம், கிள்ளிய ஒவ்வொரு கணுவிலும்
இரண்டு.

வெள்ளைப் பணியாரத்துக்குத் தொட்டுக்கொள்ள,
கோலா உருண்டைக்குள் ஒளித்து,
மோரில், ரசத்தில்,
ஒருமுறை அவசரத்தில் கருவாட்டுக் குழம்பிலும்.
(அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேசுவதில்லை.)
"இன்னைக்கும் பச்சையா?"
தட்டைப் பார்க்காமலே கேட்கிறார் இவர்.
இளையவள் விசாலியை வகுப்பில்
'பேஸ்ட்டு' என்று கூப்பிடுகிறார்களாம்.

மாடியில் குடியிருக்கும் நர்ஸ் ஸ்டெல்லாவுக்கு
வாரம் ஒரு கட்டு.
மூன்றாம் வாரம் அவள்
விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்தாள்.
கதவிடுக்கில் டிவியின் நீலம்.
பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்கினேன்.
இரண்டு நாளில் அதே பை என் கதவில்.
உள்ளே கிண்ணம் நிறையப்
புதினாப் பச்சடி.

காரைக்குடி திங்கள் சந்தையில்
கீரை விற்கும் முத்துராக்கிடம் கேட்டேன்:
சும்மா எடுத்துக்கொள்கிறீர்களா?
"நானே இதைக் கொசுறாத்தான் குடுக்குறேன், ஆச்சி.
கொசுறுக்கு யாராச்சும் கொள்முதல் பண்ணுவாங்களா?"

பொடிக்கென்று கூடத்தில் செய்தித்தாள் விரித்து உலர்த்தினேன்.
தங்கத்தின் விலைமேல் இலைகள் சுருண்டன.
இடைத்தேர்தல் முழுக்க வாசனை.

அப்புறம் கரண்டு பில் வந்தது.
இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்தார். அதே எண்.
மோட்டார் ஒருநாளைக்கு எத்தனை தடவை ஓடுது?
நான் எண்ணியதே இல்லை.

குழாய் வேலை பார்க்கும் அடைக்கலம் வந்தார்.
தொட்டியை, வால்வை, எதையும் பார்க்கவில்லை.
நேராகப் புதினாவிடம் போய் உட்கார்ந்தார்.
அடர்த்தி கூடக்கூட அந்தப் பக்கமாய் நகர்ந்து
சுவரோரம் முழங்கை வரை கையை விட்டார்.
"பாருங்க."
வளைவில் ஒரு முட்டு; மரை தேய்ந்து
சொட்டு. சொட்டு. சொட்டு.

"கை ராசின்னு நெனச்சிருப்பீங்களே."
நினைத்திருந்தேன்.
ஸ்டெல்லாவிடம் சொல்லியும் இருந்தேன்.

வெள்ளை டேப்பைச் சுற்றி ஸ்பானரைப் பூட்டினார்.
மணிக்கட்டில் நரம்பு புடைத்தது.
ஒரு சுற்று. அரை.
சொட்டுகளுக்கு நடுவே மூச்சு நீளமாயிற்று.
யோசித்துச் சொன்னதல்ல, வாய்தான் முந்தியது:
"அண்ணே, முழுசா இறுக்க வேணாம்."

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில்
இதற்குமுன் எவரும் அப்படிக் கேட்டதில்லை.
"ரெண்டு தட்டுத் துவையலுக்கு ஆகுற அளவு..."
ஸ்பானரைக் கால்வாசி பின்னால் விட்டார்.
நிமிடத்துக்கு ஒன்று.
இருவரும் குந்தி உட்கார்ந்து
மூன்று வரை எண்ணினோம்.

"வீட்டுல கேட்டா என்ன சொல்ல?"
"சரியாப் போச்சுன்னு சொல்லுங்க.
முக்கால்வாசி உண்மை."

கூலி கொடுத்தேன். பை தேடி உள்ளே போனேன்.
நான் வருமுன் அவரே கைலி மடிப்பில்
ஒரு பெரிய கட்டைச் செருகியிருந்தார்.
"இன்னைக்கே எடுத்துக்கிட்டேன், ஆச்சி.
இனிமே கேட்டா
குடுக்க மாட்டீங்க."